மலைப்படியில் முறிந்த விரதம்

சுதந்திரம் வந்து நான்கைந்து வருஷம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் மைசூரில், அரண்மனைக்குத் தெற்கே ஓர் அக்கிரகாரத்தில் குடியிருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி மூன்றாவது வருஷம். என் கணவர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. வீட்டில் நான், அவர், மாமியார், கல்யாணமாகாத மைத்துனர், இவ்வளவு பேர்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் நாக்கு முந்திக்கொள்ளும், புத்தி பின்னால்தான் வந்து சேரும். கல்யாணமான புதிதில் அவர், "உனக்கு மட்டும் பகவான் ரெண்டு நாக்கு வெச்சுட்டான்" என்று கேலி செய்வார். இந்த அனுபவத்தில் என் வாய்க்குப் பெரிய பங்கு இருப்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் அவருக்கு இருமல் ஆரம்பித்தது. கஷாயம், சூரணம் எல்லாம் பார்த்தோம். ஒரு நாள் காலையில் துண்டில் ரத்தம். காசநோய் என்று சொல்லி, ஊருக்கு வெளியே தைல மரங்களுக்கு நடுவில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அந்த நாளில் அந்த நோயின் பெயரைக் கேட்டாலே தெருவில் நம் வீட்டு வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மாமியார் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தார். அங்கேயே மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். இனி அம்மா வர வேண்டாம் என்று என் கணவரே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க விடுவார்கள். நானும் மைத்துனரும் போவோம். கட்டிலுக்கு நாலடி தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த வாரம் தெருவில் நடந்த வம்பு வழக்கெல்லாம் ஒன்று விடாமல் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் நிறுத்தினால், "அப்புறம்?" என்பார். வாரம் பூராவும் நான் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் சமைத்தேன், துவைத்தேன், மாமியாரிடம் பேச்சு வாங்கினேன்.

மாசி மாதத்தில் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். ஊசிக்கு நோய் பாதிதான் அடங்கியிருக்கிறது. இடது பக்கம் சில விலா எலும்புகளை எடுத்துவிட்டு அந்த நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் காய்ச்சல் இறங்கி உடம்பு கொஞ்சம் தேறினால் செய்யலாம். செய்யாவிட்டால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். வெளியே வந்ததும் மைத்துனர் தைல மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

எதிர் வீட்டில் ஒரு கன்னடக்கார அக்கா இருந்தார். அவர்தான் எனக்கு அந்த வழியைச் சொன்னார். சாமுண்டி மலைக்கு ஆயிரம் படி. ஒன்பது வெள்ளிக்கிழமை, காலையில் குளித்து, ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏற வேண்டும். உச்சிக்குப் போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. ஒன்பது வாரமும் முடிகிறவரை வேண்டுதலை யாரிடமும் சொல்லக் கூடாது. தாயி கைவிட மாட்டாள் என்றார்.

எங்கள் வீட்டிலோ பெருமாளைத் தவிர வேறு தெய்வத்தின் பெயரை எடுத்தாலே ஆசாரக் குறைவு. மாமியார் பெருமாள் கோயில் ஊரான மேல்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்தால் என்னைப் பிறந்த வீட்டுக்கு வண்டி ஏற்றிவிடுவார் என்று பயம். இருந்தாலும் துணிந்துவிட்டேன். தையல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் புத்தி நிறுத்தவில்லை. எங்கள் பக்கத்தில் கயாவுக்குப் போனால் ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வருவார்கள், தெரியுமல்லவா? ரொம்பப் பிடித்ததை விட வேண்டும் என்பதுதான் அதில் விசேஷம். என் மாமியார் விட்டுவிட்டு வந்தது பாகற்காயை. அதை அவர் அதற்கு முன்னாலும் தொட்டதில்லை. மனசுக்குள் சிரித்துக்கொண்டே, நான் அப்படி ஏமாற்றப்போவதில்லை என்று நினைத்தேன். கேட்பது ஓர் உயிரை. அதற்குப் பதிலாக எனக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை விட வேண்டும். எது பிடிக்கும் என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் பிடிக்கும். ஒன்பது வாரம் முடிகிறவரை அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, ஒரு வரி எழுதுவதும் இல்லை என்று நானே ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டேன். அந்த அக்கா இதைச் சொல்லவே இல்லை.

முதல் ஞாயிறு தலைவலி என்றேன். இரண்டாவது வாரம் வீட்டுக்கு விலக்கு. மூன்றாவது வாரம் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. பிறகு யாரும் கேட்கவில்லை. அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. மாமியார் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நான்காவது வாரம் மைத்துனரிடம் என் கணவர் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தனுப்பியிருந்தார். 'உடம்பு சரியில்லையா?' என்று ஒரே கேள்வி. நான் சௌக்கியம் என்று சொல்லிவிடுங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லியனுப்பினேன். அந்தப் பதில் அங்கே போய் எப்படி விழும் என்று நான் யோசிக்கவே இல்லை. அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்டனுப்பவில்லை. எப்படி இருக்கிறார் என்று மைத்துனரைக் கேட்டால், "இருக்கான்" என்பார், குனிந்த தலை நிமிராமல்.

நான் வெள்ளிக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு முடிந்தது.

ஒன்பதாவது வெள்ளி சித்திரை வெயிலில் வந்தது. விடிகிற நேரத்திலேயே அடிவாரத்துக்குப் போய்விட்டேன். குனிந்து ஒரு படிக்கு மஞ்சள், குங்குமம், நிமிர்ந்து ஓர் அடி, மறுபடி குனிவது. முட்டியும் இடுப்பும் கழன்று போகும். பெரிய நந்தியைத் தாண்டி மேலே போய்விட்டேன். இன்னும் இருநூறு படிகூட இருக்காது. எனக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் தேங்காய்ப் பழத் தட்டோடு பேசிக்கொண்டே வந்தார்கள். என் உதடு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மனசில் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போய் அவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒன்பது வாரத்துச் சேதி சேர்ந்து கிடந்தது.

அப்போது பக்கத்துப் பாறையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்தது. தின்கிற பண்டம் என்று நினைத்ததோ என்னவோ, என் கையிலிருந்த குங்கும டப்பாவைப் பிடித்து இழுத்தது. நான் விடவில்லை. அதுவும் விடவில்லை. இழுத்த இழுப்பில் மூடி திறந்து பாதிக் குங்குமம் என் முகத்திலும் புடவையிலும் கொட்டியது. மிச்சத்தோடு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு பாறை மேல் ஏறி உட்கார்ந்து, மூஞ்சியெல்லாம் சிவப்பாக என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது.

"கட்டேல போறவனே, குடுறா அதை! நாசமாப் போக!"

மலையே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். பின்னால் வந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. வாயைத் திறந்துவிட்டேன். திறந்ததுதான் திறந்தேன், என்ன வார்த்தை சொன்னேன்? ஒரு மனுஷன் சுடுகாட்டுக் கட்டைக்குப் போகக் கூடாது என்று ஒன்பது வாரம் வேண்டிக்கொண்டு, தாயின் வாசலுக்குப் பக்கத்தில் வந்து அதே வார்த்தையை வாயால் சொல்லிவிட்டேன். படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு டப்பாவுக்கா இத்தனை அழுகை என்று தங்கள் குங்குமத்தில் கொஞ்சம் கொடுக்க வந்தார்கள். எதைச் சொல்வது அவர்களிடம்? போச்சு, எல்லாம் போச்சு, அவரை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. அழுது ஓய்ந்தபோது வேறொரு நினைப்பு வந்தது. விரதம்தான் போய்விட்டதே, இனி அவரைப் பார்க்கப் போனால் என்ன? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் பிழைக்கப்போவதில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே, இன்றைக்கே அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று மனசு துள்ளியது. பெண்டாட்டியா நீ என்று என்னையே திட்டிக்கொண்டு, சந்நிதிக்குப் போகாமல், வந்த படியில் திரும்பி ஓட்டமாக இறங்கினேன்.

அடிவாரத்தில் ஒரு ஜட்கா கிடைத்தது. எங்கே போக வேண்டும் என்றதும் வண்டிக்காரர் முகம் மாறியது. ஆஸ்பத்திரி வாசல்வரை வர மாட்டேன் என்று, அரை மைலுக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டுவிட்டார். நடு வெயிலில் மிச்சத்தை நடந்தேன்.

வெள்ளிக்கிழமை யாரையும் உள்ளே விட மாட்டார்கள் என்பது வாசலுக்குப் போன பிறகுதான் நினைவு வந்தது. என்னைப் பார்த்ததும் வாயிற்காவல்காரர் அலறிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டார். முகத்திலும் மார்பிலும் ஒரே சிவப்பாக வந்தவளை அந்த ஆஸ்பத்திரியில் வேறு என்னவென்று நினைப்பார்கள்? நர்ஸ் ஓடிவந்து என்னைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்து, எவ்வளவு ரத்தம் போச்சு என்று கேட்டார். கோலார் தங்கவயல் பக்கத்துத் தமிழ்ப் பெண் அவர்.

"ரத்தம் இல்லை, குங்குமம்" என்றேன்.

அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. யாரைப் பார்க்க வந்தாய் என்று அதட்டினார். கட்டில் நம்பரைச் சொன்னேன். அந்தக் கோபம் அப்படியே வேறு கோபமாக மாறியது.

"பதினாலாம் நம்பர் சம்சாரமா நீ? இத்தனை நாளா எங்கம்மா இருந்தே? அந்த மனுஷன் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒரு மாசமா அடம்பிடிக்கிறாரு. சரியா சாப்பிடறதில்லை. நாளைக்கு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பறாரு. மேல்கோட்டையாம், அம்மா பிறந்த ஊராம், அங்கே போய்க் கிடக்கப் போறாராம்."

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். மைத்துனர் தலை நிமிராமல் "இருக்கான்" என்று சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. வீட்டில் பெண்களிடம் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டாம் என்று அவர் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறார். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு போ, பத்து நிமிஷம்தான் என்றார்.

தாழ்வாரத்தின் கடைசிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாதியாகிவிட்டிருந்தார். ஸ்டூலை இழுத்த சத்தம் கேட்டுத் திரும்பினார். மெதுவாகச் சொன்னார்.

"பயமா இருந்தா சொல்லியிருக்கலாமே. நான் கோச்சுண்டிருக்க மாட்டேன். எல்லாருக்கும் இருக்கற பயம்தானே."

தன் நோய்க்குப் பயந்து நான் வராமல் இருக்கிறேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷர். நான் சௌக்கியம் என்று சொல்லியனுப்பியதை, இனி வர மாட்டேன் என்பதற்கு மரியாதையான வார்த்தை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். எலும்பை அறுத்துக்கொண்டு யாருக்காகப் பிழைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் என்ன தப்பு?

நான் உடைந்துபோனேன். அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டினேன். எதிர் வீட்டு அக்கா, ஆயிரம் படி, தையல் பொய், கயா, நானே சேர்த்துக்கொண்ட நிபந்தனை, குரங்கு, நான் சொன்ன வார்த்தை, ஒன்றையும் விடவில்லை. விரதத்தைக் கெடுத்துட்டேன், உங்களுக்கு என்ன ஆகுமோ தெரியலை என்று சொல்லி முடித்தேன்.

அவர் முதலில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. மூச்சு நிதானத்துக்கு வந்ததும் அவர் சொன்னது இதுதான்:

"பிடிச்சதை விடணும்னா என்னையா விடுவே? காப்பியை விட்டிருக்கப்படாதா?"

எனக்கும் அழுகை நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தலையணைக்கு அடியில் கையை விட்டு, மறுநாள் கொடுப்பதற்காக எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்து நர்ஸிடம் நீட்டினார். இதை எடுத்துண்டு போங்கோ, அந்த இன்னொரு காகிதத்தைக் கொண்டுவாங்கோ என்றார். நர்ஸ் ஓடினாரா பறந்தாரா தெரியவில்லை. மனசு மாறுவதற்குள் மையும் பேனாவும் வந்துவிட்டன. கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்புறம்? தெருவில் என்ன சேதி?" என்றார். பத்து நிமிஷம் என்று சொன்ன நர்ஸ் ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து மாமியார் காலில் விழுந்து உண்மையைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையன்று என் நகக்கண்ணில் குங்குமம் இருப்பதை அவர் இரண்டாவது வாரமே பார்த்துவிட்டாராம். பார்த்தும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "எந்தத் தெய்வம் கண் திறந்தா என்ன, என் பிள்ளை பிழைச்சா போறும்னு இருந்துட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் போகாததற்கு மட்டும் அவருக்குக் காரணம் தெரியவில்லை. நோய்க்குப் பயம் என்றுதான் அவரும் நினைத்திருக்கிறார். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் ஒரே ஆளுக்காக வேண்டிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்திருக்கிறோம். அன்றைக்குப் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிட்டோம்.

எதிர் வீட்டு அக்காதான் என்னை விடவில்லை. "யாரு ஹேளித்ரு நினகெ?" என்று தலையில் அடித்துக்கொண்டார். புருஷனைப் பார்க்காதே என்று யார் உனக்குச் சொன்னது, நான் சொன்னேனா, தாயி கேட்டாளா என்று கேட்டார்.

அதற்குப் பின் மூன்று வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. பயந்தோம், தவித்தோம், ஆனால் அவர் பிழைத்தார். அடுத்த தைக்கு வீடு வந்துவிட்டார். இடது தோள் கொஞ்சம் இறங்கிப்போயிற்று. சட்டை ஒரு பக்கமாகச் சரியும். அந்தத் தோளோடு கச்சேரிக்குத் திரும்பிப் போய், இரண்டு பெண்களைக் கல்யாணம் செய்து கொடுத்து, பேரன் பேத்திகளையும் பார்த்துவிட்டுத்தான் போனார். மேலும் முப்பத்தாறு வருஷம் எனக்கு அவர் கிடைத்தார்.

அன்றைக்கு மலையில் நடந்தது என்ன என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒத்துப்போனதில்லை. சாமுண்டித் தாயிதான் குரங்கை அனுப்பினாள் என்பார் அக்கா. வைஷ்ணவக் குடும்பம் ஒன்று வழி தவறிப் போகிறதே என்று பெருமாளின் சிறிய திருவடியான அனுமாரே நேரில் வந்து தடுத்தார் என்பார் மாமியார். என் கணவரோ, தெய்வமும் இல்லை, குரங்கும் இல்லை, அவள் வாய்தான் என்னைப் பிழைக்கவைத்தது என்பார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருப்பேன். சனிக்கிழமை அவர் கிளம்பிப் போயிருப்பார். கெட்டுப்போயிற்று என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்த இடத்தில்தான் எங்கள் வாழ்க்கை நல்ல பக்கம் திரும்பியது. உட்கார்ந்திருந்தபோது அது எனக்குத் தெரியவில்லை.

கடவுள் மேல் எனக்கு நம்பிக்கை போகவில்லை, கூடத்தான் செய்தது. நான் கொடுக்க நினைத்த விலையை அந்தக் கடவுள் கேட்கவே இல்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் பெண்களுக்கோ பேரப் பிள்ளைகளுக்கோ ஒன்று என்றால் வேண்டிக்கொள்ளத்தான் செய்கிறேன். ஆனால் யாருக்காக வேண்டிக்கொள்கிறேனோ அவர்கள் பக்கத்தில் முதலில் போய் உட்கார்ந்து, என்ன, ஏது என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் கோயிலுக்குப் போகிறேன்.